செடியின் படமும் செடியும்

நம் பள்ளிக்கூடங்களில் தாவரவியல் ஒரு படத்துடன்தான் தொடங்குகிறது. நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். நடுவே ஒரு கோடு, அது மண். கோட்டுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் வேர். மேலே பச்சை நிறத்தில் தண்டு, அதில் நான்கைந்து இலைகள், நுனியில் ஒரு பூ, பக்கத்தில் ஒரு காய். ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் ஓர் அம்புக்குறி புறப்பட்டு அதன் பெயரைச் சுட்டும். படத்தின் அடியில் நான்கு வாக்கியங்கள்: வேர் நீரை உறிஞ்சுகிறது, தண்டு அதை மேலே கடத்துகிறது, இலை உணவு தயாரிக்கிறது, பூ இனத்தைப் பெருக்குகிறது. சில பக்கங்கள் தள்ளி இன்னொரு பாடம் வரும். அதன் தலைப்பு வாழிடங்கள். நீரில் தாமரை, பாலைவனத்தில் கள்ளி, உப்பங்கழியில் கண்டல் மரம் என்று ஓர் அட்டவணை.

இவை பொய் என்று யாரும் சொல்ல முடியாது. முதன்முதலாகச் செடியைப் பற்றிப் படிக்கும் குழந்தைக்கு இவ்வளவு போதும். ஆனால் மேல்வகுப்புகளுக்குப் போகப் போக அதே படம்தான் பெரிதாகிக்கொண்டு போகிறது. பெயர்கள் கூடுகின்றன; கேள்விகள் கூடுவதில்லை. ஓர் உறுப்பு இருக்கும் இடத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லிவிடலாம், பெயரைக் கேட்டதும் அதன் பணியைச் சொல்லிவிடலாம், உருவத்தைப் பார்த்து வாழிடத்தையும் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தைப் பாடம் மெல்ல மெல்ல மாணவன் மனத்தில் பதித்துவிடுகிறது. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய் வாருங்கள். ஒரு துண்டு இஞ்சி, ஓர் உருளைக்கிழங்கு, ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஒரு வெங்காயம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். நான்கும் மண்ணுக்குள் விளைந்தவை. படத்தின்படி கோட்டுக்குக் கீழே இருப்பதால் நான்கும் வேராக வேண்டும். ஆனால் இஞ்சியை உற்றுப் பாருங்கள். குறுக்கே வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். அவை கணுக்கள். அவற்றில் காய்ந்த செதில் இலைகள் ஒட்டியிருக்கும். செதிலின் அடியில் மொட்டு இருக்கும். கரும்பில் நாம் பார்ப்பதும் இதே அமைப்புதான். ஆகவே இஞ்சி தண்டு. உருளைக்கிழங்கின் ‘கண்’ என்று சொல்கிறோமே, அதுவும் கணுவில் உள்ள மொட்டுதான். அதுவும் தண்டு. சர்க்கரைவள்ளியில் கணுவும் இல்லை, செதிலும் இல்லை. அது உண்மையிலேயே வேர். வெங்காயத்தில் நாம் உண்பது இலைகளின் அடிப்பகுதி. அதன் தண்டோ அடியில் நாம் வெட்டி எறியும் அந்தச் சிறு வட்டு.

‘கிழங்கு’ என்பது சமையலறைச் சொல். தாவரவியல் சொல் அன்று. பனங்கிழங்கை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அதை நீளவாக்கில் பிளந்தால் நடுவே குருத்து இருப்பதைப் பார்க்கலாம். அந்தக் குருத்தைச் சூழ்ந்து மாவுச்சத்து நிரம்பித் தடித்திருப்பது இலைத் தன்மை கொண்ட பகுதி. வேர்கள் அதன் அடியிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஓர் உறுப்பு தண்டா, இலையா, வேரா என்பதை எதைக்கொண்டு முடிவு செய்கிறோம்? நிறத்தைக்கொண்டு அன்று, இருக்கும் இடத்தைக்கொண்டும் அன்று, செய்யும் வேலையைக்கொண்டும் அன்று. எது எதிலிருந்து பிறக்கிறது என்ற உறவைக்கொண்டுதான். தண்டில் கணு உண்டு. கணுவில் இலை பிறக்கும். இலைக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள கோணத்தில் மொட்டு பிறக்கும். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேடங்களைக் கலைத்துவிடலாம். பாடத்திலும் இவ்விதி இல்லாமல் இல்லை. ‘உருமாற்றங்கள்’ என்ற தலைப்பில், பின்னால் எங்கோ, விதிவிலக்குகளின் பட்டியலைப் போல வருகிறது. முதலில் வரவேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

சவுக்குத் தோப்புள்ள ஊர்க்காரர்களுக்கு ஒரு விளையாட்டுத் தெரியும். சவுக்கின் ஊசி போன்ற பச்சைக் குச்சியை ஒரு மூட்டில் இழுத்துப் பிரித்து, மறுபடியும் பொருத்தி, “எங்கே ஒடித்தேன், சொல் பார்க்கலாம்!” என்று கேட்பார்கள். அந்த மூட்டை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் வைத்துப் பாருங்கள். 6 முதல் 8 வரை நுண்ணிய பற்கள் வட்டமாக நிற்கும். அவைதான் சவுக்கின் இலைகள். நாம் இலை என்று நினைத்த ஊசி முழுவதும் தண்டு. ஒளிச்சேர்க்கையில் பெரும்பங்கு நடப்பதும் அதில்தான். அந்தக் குழந்தைகள் கணுவைக் கையால் அறிந்தவர்கள். ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது!

இனி, ‘ஓர் உறுப்புக்கு ஒரு வேலை’ என்ற கருத்துக்கு வருவோம். சீந்தில் கொடியிலிருந்து நூல் நூலாகத் தொங்கும் வேர்கள் பசுமையாக இருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையில் பங்கு கொள்கின்றன. ஆலமரத்தின் விழுது கிளையில் பிறந்து, பின்னர் அக்கிளையையே தாங்கும் தூணாகிறது. வெங்காயத்தாமரையின் இலைக்காம்பு காற்றுப் பையாகப் பருத்துச் செடியை மிதக்க வைக்கிறது. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பருத்த காம்பு இடம் தாராளமாக இருக்கும் நீர்ப்பரப்பில்தான் நன்கு தெரியும். ஏரி முழுவதும் அடர்ந்துவிட்ட இடத்தில் அதே செடியின் காம்புகள் மெலிந்து நெடிதாக வளர்ந்திருக்கும். ஏரிக்கரையில் நின்று பார்க்கும் மாணவன், ‘படத்தில் உள்ள செடி இது இல்லை போலும்’ என்று எண்ணித் திரும்பிவிடுவான். ஒரே செடி இரண்டு சூழலில் இரண்டு வடிவம் கொள்வது எவ்வளவு சுவையான செய்தி! படம் ஒன்றாக இருப்பதால் அது தொலைந்துபோகிறது.

வேரின் வேலை பற்றிய சிறந்த பாடம் நம் பிச்சாவரத்திலேயே கிடைக்கிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் உள்ள காடு அது. அங்குள்ள வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான குச்சிகள் பென்சிலை நட்டு வைத்ததுபோல் நிமிர்ந்து நிற்கும். அவை வேர்கள். சுரபுன்னை மரமோ வளைந்த முட்டுவேர்கள் பலவற்றை ஊன்றி, கால்களை அகல விரித்து நிற்பதுபோல் காட்சி தரும். இவற்றைப் ‘சுவாச வேர்கள்’ என்றும் ‘தாங்கு வேர்கள்’ என்றும் நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் மேல்நோக்கி வளர்வதால் மட்டும் ஒரு வேர் சுவாசிக்கிறது என்று ஆகிவிடுமா? தாங்குவதுபோல் தோன்றுவது தாங்குவதற்கு மட்டும்தானா?

ஷொலாண்டர் என்ற உடலியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. சுரபுன்னை இனத்தின் முட்டுவேர்களில் நுண்ணிய பட்டைத்துளைகள் உண்டு. அத்துளைகளை அவர்கள் கிரீஸ் பூசி அடைத்துவிட்டுச் சேற்றுக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பகுதியில் உள்ள ஆக்ஸிஜனை அளந்தார்கள். இரண்டு நாள்களில் அது மிகவும் குறைந்துபோயிற்று. அடைக்காத வேர்களிலோ அளவு குறையவில்லை. அதாவது தாங்கு வேர் என்று நாம் பெயர் சூட்டிய உறுப்பு மூச்சுக் குழலாகவும் இருக்கிறது! வெண்கண்டலின் நிமிர்ந்த வேர்களிலும் இதுபோன்றே கண்டார்கள். கடல் ஏறி வேர்களை மூடும்போது உள்ளிருக்கும் ஆக்ஸிஜன் செலவாகி உள்ளழுத்தம் குறைகிறது. கடல் வற்றியதும் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஓதம் ஏறி இறங்குவதே மரத்துக்கு மூச்சு வாங்க உதவுகிறது என்று சொல்லலாம்.

கிரீஸும் அளவுகருவியும் இல்லாவிட்டால் ‘சுவாச வேர்’ என்பது ஊகம்தான். சரியான ஊகமாகவே இருக்கலாம், ஆனாலும் ஊகம். பாடம் முடிவை மட்டும் தருகிறது, அதை நிலைநாட்டிய கிரீஸைத் தருவதில்லை. ஒரு பத்தி கூடுதலாக எழுதினால் போதும், மாணவன் பெயரோடு வழியையும் கற்றுக்கொள்வான். அதே சேற்றில், அதே உப்பில், அதே காட்டில் தில்லை மரமும் நிற்கிறது. அதற்குப் பென்சில் வேரும் இல்லை, முட்டுவேரும் இல்லை. மண்ணின் மேற்பரப்பை ஒட்டிப் பாம்புபோல் படரும் வேர்கள்தாம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமே ‘கண்டல் காட்டு மரத்துக்குச் சுவாச வேர் உண்டு’ என்ற வாக்கியத்துக்கு அடங்க மறுக்கிறது.

வாழிட அட்டவணையில் எனக்கு மிகவும் குறையாகப் படுவது பாலைவனம் என்ற வரி. அதற்கு எதிரே ‘கள்ளி’ என்று எழுதி, சப்பாத்திக் கள்ளியின் படத்தைப் போடுகிறார்கள். நம் நாட்டுப் பாலைவனம் தார். தார்ப் பாலைவனத்தில் இயற்கையாகத் தோன்றிய சப்பாத்திக் கள்ளி இனம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. நம் நாட்டுக்கு அது மனிதர் கொண்டுவந்ததால் வந்தது. நம்முடைய சதுரக்கள்ளி வேறு குடும்பம். அது ஆமணக்கின் உறவு. ஒடித்தால் பால் வடியும். (அந்தப் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) சப்பாத்திக் கள்ளியில் அப்படிப் பால் வராது. உறவே இல்லாத இரு குடும்பங்கள் ஒரே மாதிரி உருவத்தை அடைந்திருக்கின்றன என்பதுதான் இங்கே கற்க வேண்டிய அதிசயம். ‘கள்ளி’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் கட்டிவிட்டால் அந்த அதிசயம் மறைந்துவிடுகிறது.

அப்படியானால் தாரில் என்னதான் வளர்கிறது? பாறைக் குன்றுகளில் சதுரக்கள்ளியின் உறவான ‘தோர்’ என்ற ஒரு கள்ளி உண்டு. ஆனால் அந்த நிலத்தின் அரசன் வன்னி மரம். ராஜஸ்தானத்தில் அதைக் கேஜ்ரி என்பார்கள். அம்மாநிலத்தின் மரமாகவே அது அறிவிக்கப்பட்டுள்ளது. 1730ஆம் ஆண்டு கேஜர்லி என்ற ஊரில், அந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்துப் பிஷ்ணோய் மக்கள் 363 பேர் உயிரிழந்ததாக வரலாறு சொல்கிறது. வன்னி நமக்கும் அயல் அன்று. எத்தனையோ சிவன் கோயில்களில் அது தலமரமாக நிற்கிறது. அதன் தண்டு சதைப்பற்று இல்லாதது. அது இலைகளைத் துறந்துவிடுவதும் இல்லை. மற்ற மரங்கள் வாடும் கோடையிலேயே புதுத் தளிர் விடுகிறது. அதன் இரகசியம் வேரில் இருக்கிறது. ஆழத்தில், மிக ஆழத்தில் உள்ள ஈரத்தை அது எட்டிவிடுகிறது. பாலைவனத் தாவரம் என்றால் இலை முள்ளாகித் தண்டு பருத்திருக்கும் என்று எழுதிய மாணவன் முன்னால் ஒரு வன்னி மரத்தை நிறுத்தினால் அவன் என்ன செய்வான்? தரிசு நிலத்தில் கையகல இலைகளோடு கோடை முழுவதும் பச்சையாக நிற்கும் எருக்கைக் காட்டினால்தான் என்ன சொல்வான்?

‘நீரிழப்பைக் குறைப்பதற்காக இலைகள் முட்களாக மாறின’ என்ற வாக்கியத்தையும் சற்று நின்று பார்க்க வேண்டும். சப்பாத்திக் கள்ளியின் இளம் மடலில் சிறிய, உருண்ட, பச்சை இலைகள் இருக்கும்; சில நாள்களில் உதிர்ந்துவிடும். முட்கள் அந்த இலைகளின் கோணத்தில் உள்ள மொட்டுத் திட்டிலிருந்து கிளம்புகின்றன. அந்த மொட்டில் பிறந்த இலைகளே முட்களாகின்றன என்பது சரி. ஆனால் முள் வேறு, மடலின் இலை வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் காணலாம். மேலும், முள் என்றாலே வறட்சி என்று கொள்வதும் சரியில்லை. மழைக்காட்டுப் பிரம்பில் முள் உண்டு. நீரிலேயே நிற்கும் தாமரையின் காம்பிலும் முள் உண்டு. பறித்தவர் கைகளுக்குத் தெரியும். ‘அதற்காக மாறின’ என்ற சொல்லும் மாணவனை ஏமாற்றுகிறது. செடி திட்டமிட்டு எதையும் மாற்றிக்கொள்வதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தற்செயலாகத் தோன்றிய வேறுபாடுகளில், அந்தச் சூழலில் பிழைத்தவை நிலைத்தன.

இந்தத் தவறு நம்முடையது மட்டுமன்று. பெரிய அறிஞர்களும் உருவத்தைப் பார்த்துப் பணியை ஊகித்திருக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் ஷிம்பர் 1898இல் வெளியிட்ட தாவரப் புவியியல் நூல் அத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. தடித்த இலைகளைக் கண்டு, இவ்வகைச் செடிகள் நீரை மிகவும் சிக்கனமாகச் செலவிடுபவை என்று அவர் கருதினார். உப்பங்கழி மரங்களிலும் அத்தகைய இலைகளைக் கண்டு, உப்புநீர் இருந்தும் அவற்றுக்கு அது வறட்சியே என்றார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. பின்னர் ருஷ்ய அறிஞர் மாக்சிமோவ் வறள்நிலச் செடிகளின் நீராவிப்போக்கை அளந்து பார்த்தார். மண்ணில் நீர் கிடைக்கும்போது அவற்றுள் பல சற்றும் சிக்கனமாக இல்லை. இலைப்பரப்பின் அளவுக்கு ஒப்பிட்டால் தாராளமாகவே நீரைச் செலவிட்டன. அவற்றின் திறமை, வறட்சி வந்த பிறகு தாக்குப்பிடிப்பதில் இருந்தது. அவருடைய நூல் 1929இல் ஆங்கிலத்திலும் வந்தது. இருந்தும் ஷிம்பரின் வாக்கியமே இன்றும் பல பாடங்களில் உயிரோடு இருக்கிறது.

உருவத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாத பணிகளும் உண்டு. தரங்கம்பாடிக்கு வந்து பின்னர்ச் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பெஞ்சமின் ஹேய்ன் என்ற ஜெர்மானியர் ஒரு செடியின் இலையைச் சுவைத்துப் பார்த்தார். நம்மில் பலர் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று அழைக்கும் ரணகள்ளிதான் அது. காலையில் அதன் இலை புளித்தது. நண்பகலில் சுவையற்றுப் போயிற்று. இதை அவர் 1813இல் லண்டன் லின்னேயன் கழகத்துக்குக் கடிதமாக எழுதினார். அதன் முழு விளக்கம் கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. இச்செடி இரவில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்ஸைடை ஏற்று, அமிலமாகச் சேமித்து வைக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததைக்கொண்டே உணவு தயாரிக்கிறது. சப்பாத்திக் கள்ளி செய்வதும் இதையேதான். அதன் வறட்சித் திறமையின் பெரும்பகுதி முள்ளில் இல்லை. இந்த இரவுக் கணக்கில் இருக்கிறது. அதை எந்த அம்புக்குறி காட்டும்?

அட்டவணையில் இல்லாத ஒரு செடியைப் பற்றியும் கேட்க வேண்டும். நெல் நீர்த் தாவரமா, நிலத் தாவரமா? தாமரை, அல்லி, வேலம்பாசி என்று எழுதுகிறோமே தவிர, நாள்தோறும் உண்ணும் நெல்லை எந்தக் கட்டத்திலும் காணோம். மாதக்கணக்கில் நீர் நிற்கும் வயலில் வளர்ந்த நெல்லின் வேரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், தாமரைத் தண்டில் இருப்பதுபோல் காற்றறைகள் இருக்கின்றன. இலையிலிருந்து காற்று அவற்றின் வழியே வேருக்கு இறங்குகிறது. அதே நெல்லைத்தான் இராமநாதபுரம் சீமையில் புழுதியில் விதைத்து மழையை நம்பி விளைவிக்கிறார்கள். அங்கும் வேரில் காற்றறைகள் தோன்றும். நீர் தேங்கினால் இன்னும் பெருகும். நெல்லை வாழிடப் பாடத்தின் நடுவில் வைத்திருந்தால், ‘வாழிடம்’ என்பது ஒரு கட்டம் அன்று, ஒரு செடி தாங்கக்கூடிய எல்லை என்பது தானே விளங்கியிருக்கும்.

இதெல்லாம் தேர்வுத்தாளில் ஒன்றிரண்டு மதிப்பெண் பற்றிய விஷயம்தானே என்று நீங்கள் எண்ணலாம். பிச்சாவரத்துக்கு மறுபடியும் வருவோம். ‘கண்டல் மரங்கள் உப்புநீரில் வளர்பவை.’ இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் படித்த ஒருவரிடம், உப்புநீர் தேங்கி நின்ற இடத்தில் கண்டல் மரங்கள் ஏன் பட்டுப்போயின என்று கேட்டால் அவரால் விடை சொல்ல முடியாது. அது நடந்தது. பிச்சாவரத்தில் 1970கள் வரை பல பத்தாண்டுகளாக மரங்களைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டும் முறை இருந்தது. மரமற்ற சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு மட்டும் மிஞ்சியது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. தேங்கிய இடத்து மண்ணில் உப்பு அதையும் மீறியது. வெண்கண்டல் உப்பைத் தாங்கும் மரமே ஒழிய, உப்பை விரும்பும் மரம் அன்று. கடல்நீரைவிட உப்புக் குறைந்த நீரில்தான் அது செழித்து வளர்கிறது. கூடவே மூச்சுக்கும் வழியில்லை. கடல் வற்றாத இடத்தில் நிமிர்ந்த வேர்கள் காற்றை எங்கே வாங்கும்?

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து அங்கே வேலையைத் தொடங்கியபோது, கன்று நடுவதற்கு முன் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால். இருபுறமும் மீன் முள்போலச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்தது. இறங்கும்போது தேங்கிய உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறியது. அதன் பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. அடுத்த முறை பிச்சாவரத்தில் படகில் போகும்போது கண்டல் மரங்களின் வேர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்த வாய்க்கால்கள் எங்கே இருக்கின்றன என்று படகோட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

படகுப் பயணம் கைகூடாதவர்கள் ரணகள்ளி இலையைக்கொண்டு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஹேய்னைப்போல் சுவைக்க வேண்டாம். அச்செடியில் நச்சுப் பொருள்கள் உண்டு. செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்து உலர்த்திக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஓர் இலை, மாலையில் ஓர் இலை. இரண்டின் சாற்றையும் அத்தாளில் தனித்தனியே வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். பக்கத்திலேயே ஒரு பூவரச இலையையும் அதேபோல் இரு வேளையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.